ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல்



உங்களில் பலர் வால்பாறை போய் வந்திருப்பீர்கள். ஆழியாறு சோதனைச் சாவடி, 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் நின்று ஒரு போட்டோ, வரையாடு கண்ணில் பட்டால் இன்னொரு போட்டோ. மேலே போய்ச் சேர்ந்ததும் டீத்தோட்டத்தையும் மேகத்தையும் பார்ப்பீர்களே தவிர, ஊருக்குள் சந்து பொந்தில் நிற்கிற பழைய ஜீப்புகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. அடுத்த முறை பாருங்கள். அவற்றில் வயதான ஒன்றின் பானெட்டைத் திறக்கச் சொன்னால், உள்ளே இருக்கும் எஞ்சினுக்கும் அந்த வண்டி பிறந்தபோது இருந்த எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நான் மெக்கானிக் அல்ல, பி.காம். படித்தவன். 1985 முதல் 1988 வரை வால்பாறையில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. வண்டிக் கடன் கோப்புகள் என் மேசையில்தான் இருந்தன. ஆகவே ஜீப்புகளை நான் முதலில் அறிந்தது காகிதத்தில்; ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் சர்டிபிகேட், பென்சிலால் தேய்த்து எடுத்த சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர். பெட்ரோல் ஜீப்பின் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, இப்போது அந்த வண்டிகளின் கதி என்ன என்பதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

ஜீப் பிறந்தது போருக்காக. 1940-இல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு சிறிய வண்டி கேட்டது. பாண்டம் என்ற சின்னக் கம்பெனி முதல் மாதிரியைக் கொடுத்தது; பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. (சின்னக் கம்பெனிகளுக்கு எப்போதும் நடப்பதுதான்.) போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். எல்லாம் பெட்ரோல். சுமார் 2,200 சி.சி., 60 குதிரைசக்தி, மூன்று கியர். போர் முடிந்ததும் இந்தியாவில் கிடந்த ராணுவ ஜீப்புகள் ஏலத்துக்கு வந்தன.

அதே சமயம் 1945-இல் மஹிந்திரா அண்ட் முகமது என்று ஒரு கம்பெனி தொடங்கியது. கூட்டாளி குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆகிவிட, 1948-இல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. 1949 ஜூன் 3-ஆம் தேதி பம்பாய் மசகானில் அவர்களுடைய முதல் வில்லிஸ் ஜீப் உருவானது. பின்னால் வந்த சி.ஜே. 3பி மாடலைத்தான் நம் ஊர்க்காரர்கள் 'ஜீப்' என்றாலே நினைப்பார்கள். அதன் பானெட் உயரமாக இருக்கும். புதிய ஹரிகேன் எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வை மேலே வைத்ததால் எஞ்சின் உயரம் கூடிவிட்டது. அதற்கு இடம் விடத்தான் பானெட்டைத் தூக்கினார்கள். அதுவும் பெட்ரோல்தான், அதே 2,200 சி.சி.

இந்த வண்டி ஆனைமலைக்குப் பொருந்தியது போல வேறெந்த ஊருக்கும் பொருந்தியிருக்குமா தெரியவில்லை. வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். பொள்ளாச்சியிலிருந்து 65 கிலோமீட்டர் தூரம். கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காட்டைத் திருத்தத் தொடங்கினார்கள். மலைப்பாதை போட்ட லோம் பெயர் அந்த வளைவில் நிற்கிறது. ஆனால் தார் ரோடு முடிகிற இடத்தில்தான் எஸ்டேட் தொடங்குகிறது. அங்கிருந்து லைன் வீடுகளுக்கும் பாக்டரிக்கும் மண்பாதை, கல்பாதை, மழை பெய்தால் ஓடைப்பாதை. பிரசவ வலி வந்த பெண்ணை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், அங்கே முடியாது என்றால் பொள்ளாச்சிக்கு இறக்குவதும் நான் இருந்த காலத்தில் பெரும்பாலும் ஜீப்தான். துரைமார்கள் வைத்திருந்த பெட்ரோல் ஜீப்புகளை எஸ்டேட்டுகள் கழித்து விற்றபோது, அவற்றை வாங்கி டிரிப் ஓட்டியவர்கள்தான் எங்கள் கிளையின் கடன்காரர்கள்.

எஞ்சினை மாற்றுவது என்ற யோசனையே ஏதோ புதுமை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது மதுரை டி.வி.எஸ். தயாரித்த கேஸ் பிளாண்டுகளைப் பூட்டிக்கொண்டு நம் மாகாணத்துப் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. உங்கள் தாத்தா பாட்டி 'கரி பஸ்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சமவெளியிலேயே ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகள் உண்டு. போருக்குப் பின் செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களை உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கியது. பெர்க்கின்ஸ் தங்கள் நாட்டிலேயே பெட்ரோல் லாரிக்காரர்களிடம் 'எஞ்சினை மட்டும் மாற்றிக்கொள்' என்று விற்றுப் பெயர் வாங்கியவர்கள். லாரியும் பஸ்ஸும் இப்படி டீசலுக்குப் போய்விட்டன. ஜீப்பும் காரும்தான் பெட்ரோலில் நின்றன.

அவற்றை அசைத்தது 1973. அந்த வருடக் கடைசியில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலருக்குப் பக்கத்தில் போயிற்று. நம் அரசு அந்தச் சுமையைப் பங்கு பிரித்த விதத்தில்தான் இந்தக் கதையே இருக்கிறது. பெட்ரோல் வசதியுள்ளவர் எரிபொருள், ஆகவே வரி ஏறலாம். டீசல் லாரிக்கும் பஸ்ஸுக்கும் விவசாயி பம்புசெட்டுக்கும் வேண்டியது, ஆகவே ஏறக்கூடாது. நான் வால்பாறையில் இருந்தபோது டீசல் விலை பெட்ரோல் விலையில் ஏறக்குறைய பாதிதான்.

ஒரு கணக்குப் போடுவோம். கணக்கு எளிதாக இருக்க, லிட்டர் பெட்ரோல் 2 பங்கு, டீசல் 1 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் பெட்ரோல் ஜீப் லிட்டருக்கு 7 கிலோமீட்டர், டீசல் ஜீப் 12 கிலோமீட்டர் என்று வையுங்கள். 84 கிலோமீட்டர் ஓட பெட்ரோலுக்கு 12 லிட்டர், அதாவது 24 பங்கு. டீசலுக்கு 7 லிட்டர், 7 பங்கு. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. டிரிப்புக்கு வாடகை இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். மிச்சமாகும் 17 பங்கில் எஞ்சின் மாற்றிய செலவு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று பி.காம். படிக்காத ஓட்டுநர்கள் என் மேசை முன்னால் நின்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். நான் கால்குலேட்டரில் தட்டி முடிப்பதற்குள் அவர்கள் விடை வந்துவிடும்.

பணத்தைத் தாண்டி மழையும் ஒரு காரணம். சின்னக்கல்லாறு தென்னிந்தியாவில் அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெட்ரோல் எஞ்சின் தீப்பொறியில் ஓடுவது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம் இறங்கினாலோ பிளக் ஒயரில் தண்ணீர் பட்டாலோ வண்டி நின்றுவிடும். ஓட்டுநர் கொட்டுகிற மழையில் குனிந்து துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றைப் பெட்ரோல் எஞ்சின் ஏழில் ஒரு பங்காக அழுத்தினால், அந்தக் காலத்து டீசல் எஞ்சின் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே அழுத்தும். அந்தச் சூட்டில் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். "பெட்ரோல் வண்டி மழையில இருமும் சார். டீசல் வண்டி இரும்பாட்டம் போயிட்டே இருக்குமுங்க" என்று ஒரு முடீஸ் ஓட்டுநர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

சரி, எந்த எஞ்சின்? இங்கே ஒரு சுவாரசியம். மஹிந்திரா கம்பெனிக்கு இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு கூட்டாக ஒரு டிராக்டர் கம்பெனி இருந்தது. பி-275 டிராக்டர் நம் பக்கத்து உழவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வண்டி. அந்த டிராக்டர் வம்சத்து டீசல் எஞ்சினைத்தான் எம்.டி. 2350 என்று பெயரிட்டு, 1970-களின் இறுதியை ஒட்டிக் கம்பெனியே தன் ஜீப்பில் வைத்தது. அதாவது பட்டறைக்காரர் செய்த வேலையைத்தான் கம்பெனியும் செய்தது, பெரிய அளவில். பிறகு பிரான்ஸின் பெஜோவிடமிருந்து எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சின் நுட்பம் வந்தது. பெயரில் புதிர் ஒன்றும் இல்லை: நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 90 மில்லிமீட்டர், 2,112 சி.சி. அதை வைத்து 1980-களின் நடுவில் எம்.எம். 540 வந்தபோது வால்பாறையில் அதற்கு மாப்பிள்ளை மரியாதை.

புது வண்டி வாங்க முடியாதவர்கள் பழைய சி.ஜே. 3பி-யை வைத்துக்கொண்டு எஞ்சின் தேடினார்கள். விபத்தில் போன எம்.எம். 540-இன் பெஜோ எஞ்சின், மட்டாடோர் வேனின் எஞ்சின், டிராக்டர் எஞ்சின். சென்னைப் புதுப்பேட்டை வரை போய் வாங்கி லாரியில் போட்டுக் கொண்டுவந்தவர்கள் உண்டு. 'மட்டாடோர் எஞ்சின்' என்பது அம்பாசடர் டாக்சிக்காரர்களுக்கும் அப்போது தாரக மந்திரம்.

எங்கள் ஃபீல்டு ஆபீசருடன் ஒருமுறை, கடன் கொடுத்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். எஞ்சினைத் தூக்கி எடுத்து வேறு வைப்பது ஒரு நாள் வேலை என்று நினைத்திருந்தேன். மூன்று வாரமாக வண்டி அங்கே வயிறு திறந்து கிடந்தது. முதல் சிக்கல் எஞ்சினும் கியர் பெட்டியும் சேருமிடம். ஒரு கம்பெனி எஞ்சினின் பின்பக்க போல்ட் துளைகள் இன்னொரு கம்பெனி கியர் பெட்டியின் துளைகளோடு சேராது. நடுவில் ஒரு கனத்த இரும்புத் தகட்டைக் கடைந்து வைக்க வேண்டும். கியர் பெட்டியின் தண்டு ப்ளைவீலின் நடுமையத்தில் உள்ள சிறிய பேரிங்கில் போய் உட்கார வேண்டும். மையம் மயிரிழை தவறினால் கிளட்ச் அதிரும், பேரிங் தின்னும், சில மாதத்தில் கியர் பெட்டியே போகும். பம்புசெட்டும் மில் எந்திரமும் செய்து பழகிய கோவை லேத் பட்டறைகள் பக்கத்தில் இருந்தது ஆனைமலை ஜீப்புகளின் அதிர்ஷ்டம். அந்தத் தகட்டைக் கடைந்தவர்களின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை.

அடுத்தது கனம். டீசல் எஞ்சின் கனம் கூடியது, முன் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்க்க வேண்டும். எஞ்சினின் அடிப்பாத்திரம் முன் அச்சில் இடிக்காமல் வெட்டி வெல்டு வைக்க வேண்டும். பெரிய ரேடியேட்டர், பெரிய பேட்டரி, குளிரில் ஸ்டார்ட் செய்ய ஹீட்டர் பிளக் சுவிட்ச். பழைய ஜீப்புகள் சிலவற்றில் 6 வோல்ட் மின்சாரம். அதை முழுவதும் 12 ஆக்க வேண்டும்.

கியர் பெட்டி விஷயத்தில்தான் ஓட்டுநர்களுக்குள் வாக்குவாதம் நடக்கும். பழைய ஜீப்பில் டி-90 என்ற மூன்று கியர் பெட்டி. முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. ஓடுகிற வண்டியில் முதல் கியருக்கு இறங்க வேண்டுமென்றால் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் எஞ்சினைச் சற்று உறும விட்டு, சத்தத்தைக் கேட்டுத் தள்ள வேண்டும். டீசல் எஞ்சின் இழுக்கும், ஆனால் பெட்ரோல் அளவுக்குச் சுற்றாது. குறுகிய சுற்றுக்குள் வேலை செய்கிற எஞ்சினுக்கு மூன்று கியர் போதாது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் வண்டி மூச்சு வாங்கும். கையில் காசு உள்ளவர்கள் எம்.எம். 540-இன் கே.எம்.டி. 90 நான்கு கியர் பெட்டியையும் சேர்த்தே வாங்கினார்கள். அப்படி வாங்கினால் எஞ்சினோடு அது ஏற்கெனவே ஜோடி, தகடு கடையும் வேலை குறையும். ஆனால் பின்னால் போகிற புரொப்பெல்லர் ஷாப்ட்டின் நீளம் மாறிவிடும், அதை வெட்டி ஒட்ட வேண்டும்.

எது மலிவு என்று மட்டும் பார்த்து மூன்று கியரிலேயே விட்டவர்கள் இறக்கத்தில் அவஸ்தைப்பட்டார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் இதைத் தலைகீழாக நம்புகிறோம். டீசல் வண்டி இறக்கத்தில் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று வரும் வழி அடைபடும். எஞ்சின் மூச்சுக்குத் திணறி வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசலில் அந்த அடைப்பு இல்லை. அதனால்தான் லாரி, பஸ்ஸுக்கெல்லாம் புகை போகும் வழியை அடைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் தனியாக வைக்கிறார்கள். ஜீப்பில் அது கிடையாது. கனமான வண்டி, அதே பழைய டிரம் பிரேக், 40 வளைவு. இங்கே காப்பாற்றுவது தாழ்ந்த கியர்தான். டாப்ஸ்லிப், பரம்பிக்குளம் என்று பழைய ஜீப்பில் போகிறவர்கள் ஓட்டுநர் மூன்றாவதில் இறக்கினால் தயங்காமல் சொல்லுங்கள்.

இனி என் காகிதத்துக்கு வருகிறேன். 1939-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்திலும் சரி, 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1988-ஆம் வருடச் சட்டத்திலும் சரி, வண்டியின் அமைப்பை மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். புதிய சட்டத்தில் அது 52-ஆவது பிரிவு. பலர் இதைச் செய்யவில்லை. எஞ்சின் வாங்கிய பில் இருக்காது. பழைய சாமான் கடையில் யார் பில் தருவார்கள்? மலையிலிருந்து வண்டியை இறக்கி இன்ஸ்பெக்டரிடம் காட்ட இரண்டு நாள் வருமானம் போகும். ஆகவே ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல்.

அதன் விலையை ஒரு குடும்பம் கொடுத்ததை நான் பார்த்தேன். எங்களிடம் கடன் வாங்கிய ஒரு ஓட்டுநரின் ஜீப் அட்டகட்டிக்குக் கீழே மழையில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. கால் எலும்பு முறிந்து அவர் ஆறு மாதம் படுக்கை. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து எஞ்சின் நம்பரைப் பென்சிலில் தேய்த்தார். பாலிசியில் உள்ள நம்பரோடு சேரவில்லை. விபத்துக்குக் காரணம் எஞ்சின் அல்ல, சேறு. இருந்தும் கிளெய்ம் நின்றது. அவர் எஞ்சினை மாற்றிய மாதத்திலேயே சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதிய விண்ணப்பத்தின் நகல் எங்கள் கோப்பில் இருந்தது, முத்திரையோடு. பதில்தான் வரவே இல்லை. அந்த நகலை வைத்து நாங்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, பணத்தில் ஒரு பகுதி வர இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் அவர் மனைவி கொழுந்து பறிக்கிற கூலியிலிருந்து கடன் தவணை கட்டி வந்தார். மாதம் முதல் வாரம் சம்பளம் வாங்கிய கையோடு கவுண்டருக்கு வந்து, "சார், இந்த மாசத்துக்குங்க" என்று நோட்டை நீட்டுவார். நான் ரசீது எழுதுவேன்.

பிறகு காலம் மாறியது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2014 அக்டோபரில் டீசலுக்கும் நீங்கியது. இன்று நம் பங்கில் இரண்டுக்கும் வித்தியாசம் லிட்டருக்குப் பத்து ரூபாய்கூட இல்லை. நான் மேலே போட்ட கணக்கில் 2-க்கு 1 என்ற முதல் வரியே போய்விட்டது. இப்போது யாரும் பணத்துக்காக எஞ்சின் மாற்றுவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் கறாராகச் சொல்லிவிட்டது. நம் குடியிருப்பில் இளைஞர்கள் சிலர் மலையூர்களிலிருந்து 'ரீஸ்டோர்' செய்த பழைய ஜீப் வாங்க விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வாங்குங்கள், ஆனால் பணம் கொடுக்குமுன் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், எரிபொருள் மூன்றையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். பெயிண்டைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேல் வயதான வண்டி, மூல வடிவத்தில் இருக்க வேண்டும். எஞ்சினிலோ சேஸிஸிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. செய்யாதவற்றுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பலகை. வில்லிஸ், சி.ஜே. 3பி என்று எத்தனையோ ஜீப்புகளுக்கு அந்த வயது ஆகிவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவரின் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் 40 வருடம் சும்மா கிடந்த ஜீப்புக்கு அந்தப் பலகை கிடைக்கும். அந்த 40 வருடமும் சோலையாறுக்கும் நல்லமுடிக்கும் ஆள் ஏற்றி, நோயாளி இறக்கி, அதற்காகவே எஞ்சினை மாற்றிக்கொண்ட ஜீப்புக்குக் கிடைக்காது. விதி எழுதியவர்கள் பக்கத்து நியாயம் புரிகிறது. 'மூல வடிவம்' என்று ஓர் எல்லை போடாவிட்டால் எதையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இருந்தாலும் வால்பாறையின் மோட்டார் வரலாறு என்று ஒன்றை எழுதினால், என் கணக்கில் இரண்டாவது ஜீப்பைத்தான் முதலில் எழுத வேண்டும். 2021-லேயே வந்த கழிவு வாகனக் கொள்கையும் சேர்ந்துகொண்டால் அவை இரும்பு விலைக்குப் போய்விடும். குறைந்தபட்சம் ஒன்றையாவது, அந்தக் கடைந்த தகடு வெளியே தெரியும்படி, மலையிலேயே ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால் நன்றாக இருக்கும். எஸ்டேட் நிர்வாகங்களோ நகராட்சியோ நினைத்தால் பெரிய செலவில்லை.

2020-இல் வந்த புதிய தார் ஜீப்பில் பெட்ரோல் எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியரும் கம்பெனியே தருகிறது. நம் பேஸ்மெண்டிலேயே இரண்டு நிற்கின்றன. எம்.எம். 540 ஓட்டிய ஆளிடம் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் ஜீப் என்று 1986-இல் சொல்லியிருந்தால் என்னை வங்கியை விட்டே அனுப்பியிருப்பார்கள்.

அடுத்த முறை வால்பாறை போகும்போது பழைய ஜீப் ஒன்றில் ஏற நேர்ந்தால் இவற்றைப் பாருங்கள். தரையில் மூன்று லீவர்கள் இருக்கும். பெரியது கியர், சின்னவை இரண்டில் ஒன்று முன் சக்கர இழுப்புக்கு, மற்றது தாழ்ந்த வேகத்துக்கு. பெரிய லீவரின் குமிழில் கியர் படம் அழியாமல் இருந்தால் மூன்றா நான்கா என்று எண்ணிப் பாருங்கள். டாஷ்போர்டில் பிற்பாடு துளை போட்டு வைத்த சுவிட்ச் ஒன்று தெரிந்தால் அது ஹீட்டர் பிளக்குக்காக இருக்கும். ஓட்டுநர் சாவியைத் திருகியதும் ஸ்டார்ட் செய்யாமல் சில வினாடி அந்தச் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அப்போது "எந்த எஞ்சினுங்கண்ணா?" என்று கேளுங்கள். மலை இறங்கும்வரை உங்களுக்குப் பேச்சுத் துணை இருக்கும்.